பத்தொன்பதாம் நாள் எழுதிய பத்திரம்: பிறையிலிருந்து புதுக்கோட்டைக்குப் பிள்ளை எடுக்கப் போன ஒரு குடும்பம் (நிகழ்வு ஆய்வு)

2018 ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை. மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் உள்ள பிறை என்ற ஊரில் நாங்கள் வாராவாரம் நடத்தும் இலவச ஆலோசனை மேசைக்கு ஒரு தம்பதி வந்தார்கள். கணவர் ஒரு பிளாஸ்டிக் உறையைத் திறந்து தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். தமிழ்நாட்டு முத்திரைத்தாளில் எழுதிப் பதிவு செய்த சுவீகாரப் (தத்தெடுப்பு) பத்திரம், ஆஸ்பத்திரிச் சீட்டு, பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, கடப்பிதழுக்கு (பாஸ்போர்ட்) விண்ணப்பித்த ரசீது.

"எல்லாத் தாளும் இருக்கு டீச்சர். பிள்ளை மட்டும்தான் வரல" என்றார். மனைவி கடைசிவரை ஒன்றும் பேசவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. அதற்குப் பிறகு இதே கேள்வியோடு வேறு குடும்பங்களும் வந்துவிட்டன. "ஊர்ல சொந்தத்துல ஒரு பிள்ளை இருக்கு, தரேங்கிறாங்க, போய்த் தூக்கிட்டு வந்துடலாமா?" பெரும்பாலும் டிக்கெட் எடுத்த பிறகுதான் கேட்கிறார்கள். டிக்கெட் எடுக்கும் முன்பே ஒருவராவது இதைப் படித்துவிட வேண்டும் என்பது என் ஆசை. சம்பந்தப்பட்ட இரண்டு வீட்டாரின் சம்மதத்தோடும் எழுதுகிறேன்; அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான் தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சட்டம் பற்றிய இடங்களை எங்கள் மேசையில் உட்காரும் வழக்கறிஞர் படித்துத் திருத்திக் கொடுத்தார்.

பெயர்கள் வேண்டாம். பிறையிலிருந்து போனவரை அக்கா என்றும், அவர் கணவரை அத்தான் என்றும், புதுக்கோட்டை மாவட்டத்தில் பிள்ளை பெற்றவரைத் தங்கை என்றும் சொல்கிறேன். அவர்கள் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். இந்த முறைச் சொற்களில்தான் சிக்கலில் பாதி இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

எப்படிப் புறப்பட்டார்கள்

அப்போது அக்காவுக்கு வயது 38, பாலர்பள்ளி ஆசிரியை. அத்தானுக்கு 42, பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை. தினமும் பாலம் தாண்டிப் போய் வருபவர். கல்யாணமாகி 13 வருடம். சோதனைக்குழாய் சிகிச்சை மூன்று முறை செய்து பார்த்தார்கள். மூன்றாவது முறை தங்கியது, பத்தாவது வாரத்தில் கலைந்தது. அதற்குப் பிறகு அக்கா யார் வீட்டு வளைகாப்புக்கும் போகவில்லை.

அக்காவின் அம்மா புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தவர். அவருடைய கூடப்பிறந்த தங்கையின் மகள்தான் நம் கதையின் தங்கை. 2017 நவம்பரில் அவருக்கு ஏழு மாதம். ஏற்கெனவே மூன்று பெண் பிள்ளைகள். கணவருக்குக் கட்டட வேலை, வாரத்தில் நாலு நாள் வேலை கிடைத்தால் பெரிது. மாமியார் சொன்னாராம்: "தொட்டில்ல கொண்டுபோய்ப் போடுறதுக்கு ஒங்க அக்காகிட்டயே குடுத்துடலாம்." தொட்டில் என்று அவர் சொன்னது 1992இல் சேலத்தில் தொடங்கிய தமிழக அரசின் தொட்டில் குழந்தைத் திட்டத்தை; வளர்க்க விரும்பாத பெண் குழந்தையை அரசின் தொட்டிலில் விட்டுவிடலாம். தங்கை தொலைபேசியில் சொன்னது ஒரே வரி: "பொண்ணாப் பொறந்தா நீ எடுத்துக்கக்கா."

பெண்ணாகப் பிறந்தால் என்ற அந்தச் சொல்லில் இரண்டு வீட்டிலும் யாரும் நின்று யோசிக்கவில்லை. அன்றிரவு தன் காதில் விழுந்தது 'எடுத்துக்கக்கா' மட்டும்தான் என்று அக்கா பின்னாளில் என்னிடம் சொன்னார்.

2018 ஜனவரி 18ஆம் தேதி பெண் பிறந்தது. 31ஆம் தேதி தைப்பூசம். அக்கா பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் பால்குடம் எடுத்தார். பிப்ரவரி 2ஆம் தேதி பட்டர்வொர்த்தில் ரயிலேறி கோலாலம்பூர், அங்கிருந்து திருச்சி விமானம். விசாவில் சுற்றுலா என்று போட்டிருந்தார்கள். 60 நாள் தங்கலாம். பெட்டியில் பாதிக்குமேல் குழந்தைச் சாமான். எந்த அலுவலகத்திலும் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

இதைக் கவனக்குறைவு என்று சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. நம் வீடுகளில் பிள்ளை கைமாறியது எப்போதுமே வாய்ச்சொல்லில்தான். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், சீனக் குடும்பங்கள் கொடுத்த பெண் குழந்தைகளை வாங்கித் தமிழ்ப் பெயர் வைத்து வளர்த்து, தமிழ் மாப்பிள்ளைக்கே கட்டிக் கொடுத்த கதைகள் எத்தனை என்று. எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) மூன்றாவது வீட்டு அக்கா அப்படி வந்தவர்தான். மார்கழியில் அவர் போடும் கோலத்தைப் பார்க்க நாங்கள் விடியற்காலையில் எழுந்திருப்போம். அவருக்காக யாரும் பத்திரம் எழுதியதாக நான் கேள்விப்பட்டதில்லை. அந்தப் பழக்கத்திலேதான் இவர்களும் கிளம்பினார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகள் தாண்டியது ஒரு வேலியை; இந்தப் பிள்ளை தாண்ட வேண்டியிருந்தது இரண்டு நாட்டு எல்லையை.

சார்பதிவாளர் அலுவலகத் திண்ணையில்

பிப்ரவரி 6, செவ்வாய்க்கிழமை. குழந்தைக்கு அன்று 19 நாள். ஆவண எழுத்தர் தெம்பாகச் சொன்னார்: "இந்து சட்டப்படி எழுதிப் பதிஞ்சுட்டா முடிஞ்சுதும்மா, கோர்ட்டுக்குக்கூடப் போக வேண்டாம்."

இந்தியாவிலேயே வாழும் இரண்டு இந்துக் குடும்பங்களுக்கிடையே என்றால் அது ஏறக்குறைய சரியான பேச்சுதான். 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தில் நீதிமன்ற உத்தரவு கட்டாயமில்லை. பிள்ளைக்கு 15 வயது நிறைந்திருக்கக் கூடாது. மகளை எடுப்பவருக்கு ஏற்கெனவே இந்து மகளோ, மகன் வழிப் பேத்தியோ உயிரோடு இருக்கக் கூடாது. முக்கியமாக, பெற்றவர் கொடுப்பதும் எடுப்பவர் வாங்குவதும் கண்ணெதிரே நடக்க வேண்டும். தத்தெடுப்புச் சடங்கான தத்த ஹோமம் அவசியமில்லை என்று அந்தச் சட்டமே சொல்கிறது.

கூப்பிடும்வரை எல்லோரும் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தை அக்காவின் மடியில். பதினொரு மணிவாக்கில் அது பசியில் வீறிட்டது. அக்கா பையிலிருந்து புட்டியைத் தேடிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்த தங்கையின் ரவிக்கை நனைவதைப் பார்த்தார். தங்கை முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்தார். மாமியார் "புட்டியைக் குடும்மா, பழகட்டும்" என்றார். அக்கா கொடுத்தார்.

அக்கா இதை என்னிடம் சொன்னது வெகு நாள் கழித்து, பாலர்பள்ளி வாசலில் நின்றுகொண்டு. "நான் அன்னிக்கே பார்த்துட்டேன் டீச்சர். பார்த்துட்டு புட்டியைக் குடுத்தேன்."

இந்த வழக்கில் நான் அதிகம் யோசித்தது அந்தப் பத்தொன்பதாம் நாளைப் பற்றித்தான். இந்தியாவின் 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டப்படி, பிள்ளையை வளர்க்க முடியாத பெற்றோர் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்கலாம். அப்படி ஒப்படைத்தவருக்கு மனம் மாறினால் திரும்பப் பெற 2 மாத அவகாசம் உண்டு. அதற்குள் அந்தப் பிள்ளையை யாருக்கும் தத்துக் கொடுக்க முடியாது. முன்பின் தெரியாதவருக்குக் கொடுக்கும் தாய்க்குச் சட்டம் 60 நாள் தருகிறது. சொந்த அக்காவுக்குக் கொடுக்கும் தாய்க்குப் பத்திரத்தில் ஒரு நாள்கூட இல்லை. பிள்ளை பெற்று மூன்று வாரம்கூட ஆகாத பெண், மாமியாரும் அக்காவும் இருபுறமும் இருக்கையில், பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போயிருப்பாரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

திருச்சியில் ஏழு வாரம்

பத்திரம் கைக்கு வந்ததும் குழந்தையோடு திருச்சிக்கு வந்து ஒரு வாடகை அறை எடுத்தார்கள். கடப்பிதழுக்கு விண்ணப்பித்தார்கள். அங்கே கிடைத்த பதில் சுருக்கமானது. குழந்தை இந்தியக் குடிமகள். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்கள் தத்தெடுத்து வெளியே கொண்டுபோவதென்றால் மத்திய தத்தெடுப்பு வள ஆணையமான 'காரா'வின் தடையின்மைச் சான்று வேண்டும். அந்தப் பெயரையே அத்தான் அன்றுதான் கேள்விப்பட்டார்.

விடுப்பு முடிந்து அத்தான் திரும்பிவிட்டார். அக்கா தனியாகக் குழந்தையோடு இருந்தார். பால் மாவு டின்களின் மூடியில் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தார்: எத்தனை மணிக்கு, எத்தனை கரண்டி, எவ்வளவு மிச்சம். இப்படி ஆறு டின். கடைசி டின்னின் மூடி இன்னும் அவரிடம் இருக்கிறது. நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது வாரத்தில் ஒரு ஏஜென்ட் வந்து சேர்ந்தார். அவர் சொன்ன வழி இது: பெற்றோர் பெயரிலேயே குழந்தைக்குக் கடப்பிதழ் எடுப்பது, தங்கையும் குழந்தையும் சுற்றுலா விசாவில் மலேசியா வருவது, தங்கை மட்டும் திரும்பிப் போவது. "நெறைய பேர் இப்படித்தான் பண்றாங்க." அக்கா வளையலை அடகு வைக்கக் கடை வாசல்வரை போய்விட்டார். அன்று மாலை அத்தான் தொலைபேசியில் ஒன்று கேட்டார்: "ஏழு வயசுல பள்ளிக்கூடம் சேர்க்கறப்ப என்ன பேப்பரைக் காட்டுவ?" அதோடு அந்தப் பேச்சு நின்றது.

நின்றது பெரிய புண்ணியம். அந்த வழியில் போயிருந்தால் விசா முடிந்த மறுநாளே குழந்தை இங்கே சட்டவிரோதமாகத் தங்கியவள் ஆகியிருப்பாள். பொய்க் காரணம் சொல்லிப் பிள்ளையை நாட்டுக்குள் கொண்டுவருவது நம் 2001ஆம் ஆண்டு சிறார் சட்டப்படி குற்றம். 2007ஆம் ஆண்டு ஆட்கடத்தல் எதிர்ப்புச் சட்டத்தின் பார்வையும் விழும். இந்தியப் பக்கத்திலோ, முறையான உத்தரவு இல்லாமல் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பினால் 3 ஆண்டுவரை சிறை, அல்லது ஒரு லட்ச ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். கொடுத்தவருக்கும் அதில் தப்பு உண்டு. நாலு பெண் பிள்ளைகளின் தாயை ஜெயிலுக்கு அனுப்பும் வழியைத்தான் அந்த ஏஜென்ட் உதவி என்று விற்றார்.

மார்ச் 29ஆம் தேதி அக்கா குழந்தையைத் தங்கை வீட்டில் கொண்டுபோய்விட்டார். தங்கைக்குப் பால் வற்றியிருந்தது. மிச்சமிருந்த டின்களைத் திண்ணையில் வைத்துவிட்டு, கரண்டிக் கணக்கைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, மறுநாள் விமானம் ஏறினார்.

சான்று எங்கிருந்து வரும்?

எங்கள் மேசையில் முதலில் எனக்கும் கோபம்தான். பெற்றவள் கொடுக்கிறாள், பெரியம்மா வாங்குகிறாள், நடுவில் ஒரு சான்றிதழ் எதற்கு என்று. பிறகு படித்துப் பார்த்தோம்.

இந்தச் சுவர் ஏன் எழுந்தது என்பதற்குப் பின்னணி இருக்கிறது. வெளிநாட்டுத் தத்தெடுப்பு என்ற பெயரில் நடந்த முறைகேடுகளைச் சுட்டிக்காட்டி லக்ஷ்மி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் 1982இல் இந்திய உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அதையே மனுவாக எடுத்துக்கொண்டு நீதிபதி பகவதி 1984இல் விதிமுறைகளை வகுத்தார். அதன் தொடர்ச்சியாகத்தான் 1990இல் காரா பிறந்தது. 1993இல் ஹேக் நகரில் நாடுகளுக்கிடையிலான தத்தெடுப்புக்கு ஓர் உடன்படிக்கை உருவானது. இன்று 100க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் உள்ளன. இந்தியா 2003இல் சேர்ந்தது. மலேசியா சேரவில்லை.

சிக்கலின் மையம் இங்கேதான். அந்த உடன்படிக்கைப்படி, பிள்ளையைப் பெறும் நாட்டின் உரிய அதிகார அமைப்பு முக்கியமாக இரண்டு உறுதி தர வேண்டும்: இந்தத் தம்பதி தத்தெடுக்கத் தகுதியானவர்கள் என்பது ஒன்று, பிள்ளை அந்த நாட்டில் நுழைந்து நிரந்தரமாகத் தங்க அனுமதி உண்டு என்பது இன்னொன்று. உடன்படிக்கையில் இல்லாத நாட்டில் அப்படி ஓர் அமைப்பே கிடையாது. அந்தப் பக்கம் கேட்கும் கடிதத்தை எழுத இந்தப் பக்கம் நாற்காலியே இல்லை. அத்தான் எத்தனை கவுண்டரில் நின்றிருந்தாலும் அந்தக் கடிதம் கிடைத்திருக்காது.

சரி, 1956 சட்டப் பத்திரம் என்ன ஆனது? சிறார் நீதிச் சட்டம் இந்து சட்டத் தத்தெடுப்புகளில் தலையிடுவதில்லை என்று ஒரு வரியில் சொல்கிறது. அடுத்த வரியிலேயே, நாடுகளுக்கிடையிலான தத்தெடுப்பு எல்லாம் இந்தச் சட்டப்படி மட்டுமே என்கிறது. ஆவண எழுத்தருக்கு முதல் வரி தெரிந்திருந்தது. இந்து சட்டப்படி தத்தெடுத்துப் பிள்ளையை வெளிநாட்டுக்கு அழைத்துப் போகிறவர்களுக்கென்று 2021இல் தனி விதிகள் வந்தன. அதிலும் காராவைத் தாண்டிப் போக முடியாது.

அக்கா இன்னொன்றையும் நம்பியிருந்தார்: எப்படியாவது பிள்ளை இங்கே வந்துவிட்டால் நம் நீதிமன்றத்தில் தத்தெடுத்துக்கொள்ளலாம், பிறகு எல்லாம் சரியாகிவிடும் என்று. தத்தெடுப்பு உத்தரவும் குடியுரிமையும் வேறு வேறு. இங்கே நீதிமன்றம் உத்தரவு கொடுத்தாலும் இந்தியாவில் இந்தியப் பெற்றோருக்குப் பிறந்த பிள்ளை அதனாலேயே மலேசியக் குடிமகள் ஆகிவிட மாட்டாள். மலேசிய அரசியலமைப்பின் 15அ பிரிவின் கீழ் விண்ணப்பிக்கலாம். அது 'சிறப்புச் சூழல்' என்று உள்துறை அமைச்சர் கருதினால் கிடைப்பது. கைவிடப்பட்ட ஒரு குழந்தைக்குக் குடியுரிமை உண்டு என்று 2021 நவம்பரில் மலேசியாவின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அத்தான் ஆவலோடு எனக்குத் தொலைபேசி செய்தார். அந்தக் குழந்தை மலேசிய மண்ணில் கண்டெடுக்கப்பட்டது, பெற்றோர் யாரென்றே தெரியாது. நம் பிள்ளைக்கு இரண்டும் பொருந்தாது என்று சொல்ல வேண்டியிருந்தது.

சட்டத்தில் பெரியம்மா யார்?

இந்தியச் சட்டத்தில் உறவினர்களுக்கு ஒரு தனிக் கதவு இருக்கிறது. வெளிநாட்டில் வாழும் உறவினர் தன் சொந்தத்தில் பிள்ளை எடுக்க விரும்பினால், ஒப்படைப்பு, காத்திருப்போர் வரிசை எல்லாம் இல்லாமல், உத்தரவு ஒன்றும் காராவின் சான்று ஒன்றும் பெற்று எடுக்கலாம். (அந்த உத்தரவை அப்போது நீதிமன்றம் கொடுத்தது, 2022 செப்டம்பரிலிருந்து மாவட்ட ஆட்சியர் கொடுக்கிறார்.) இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. அக்கா பெரியம்மா முறைதானே?

உறவினர் என்பதற்கு அந்தச் சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது: தந்தையின் அல்லது தாயின் கூடப்பிறந்தவர்கள், தந்தை வழி, தாய் வழித் தாத்தா பாட்டி. அவ்வளவுதான். அக்காவும் தங்கையும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் அல்லர். அவர்களுடைய அம்மாக்கள்தான் கூடப்பிறந்தவர்கள். நாம் பெரியம்மா மகளையும் அக்கா என்கிறோம், அம்மாவோடு பிறந்தவளையும் அம்மாவின் பெரியம்மா மகளையும் ஒரே வாயால் பெரியம்மா என்கிறோம். கூப்பிடும்போது நமக்கு அந்த வித்தியாசத்துக்குத் தனிச் சொல் தேவைப்பட்டதில்லை. சட்டம் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டிருக்கிறது. அக்கா அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றார்.

இதை அக்காவிடம் சொன்ன நாளை மறக்க முடியாது. "அப்ப நான் அவளுக்கு யாரு டீச்சர்?" என்று கேட்டார். நான் படித்துக்கொண்டிருந்த தாளை மடித்து வைத்துவிட்டேன்.

அதனால் இப்போது மேசைக்கு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது உறவு முறையைத்தான். "சித்தி மகள்", "மாமா பேத்தி" என்றால் தாளில் கோடு போட்டு வம்சக் கிளை வரையச் சொல்கிறேன். ஒரு பென்சிலும் ஐந்து நிமிடமும் போதும். இந்தக் குடும்பத்துக்கு அந்த ஐந்து நிமிடத்தை 2017 நவம்பரில் யாரும் கொடுக்கவில்லை.

தங்கை பேசியது

2018 ஜூனில் தங்கையோடு நான் பேசினேன். மாமியார் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து, அவரே பக்கத்து வீட்டுத் தொலைபேசியிலிருந்து கூப்பிட்டார். அக்காவுக்குத் தெரிந்துதான் பேசினோம்.

அவர் சுற்றிவளைத்துப் பேசினார். பிள்ளை குப்புற விழ ஆரம்பித்துவிட்டது, மூத்தவள் பள்ளிக்கூடம் போகாமல் தங்கச்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள், இப்படி. பிறகு சொன்னார்: "அக்கா கொண்டாந்து விட்ட அன்னிக்கு ராத்திரி எனக்குச் சந்தோசமா இருந்துச்சும்மா. அக்கா அழுதுகிட்டுப் போறாங்க, எனக்குச் சந்தோசம். அது பாவந்தானே?"

பாவம் இல்லை என்று சொன்னேன். வேறென்ன சொல்வது.

அந்தப் பேச்சுக்குப் பிறகுதான் என் கோபம் போனது. கடப்பிதழ் கவுண்டரில் கேட்ட அந்தச் சான்று, யாரும் திட்டமிடாமலேயே, அந்தத் தாய்க்குப் பத்திரம் தராத அறுபது நாளைக் கொடுத்துவிட்டது. அக்காவிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வர இரண்டு மாதம் ஆனது. சொன்னபோது, அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. 2018 தீபாவளிக்கு அக்காவே தொலைபேசி செய்து, "பிள்ளை உன்கிட்டயே இருக்கட்டும், நான் வந்து பார்த்துட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டார்.

பத்திரம் இன்னும் இருக்கிறது

இரண்டு வீடும் மனம் ஒத்துப் போன பிறகும் தாள் ஒத்துப் போகவில்லை. 1956 சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது: செல்லத்தக்க தத்தெடுப்பை யாராலும் ரத்து செய்ய முடியாது, பிள்ளையே நினைத்தாலும் பிறந்த குடும்பத்துக்குத் திரும்ப முடியாது. பிள்ளையின் நன்மைக்காக எழுதிய பிரிவுதான். ஆனால் இங்கே, பெற்ற தாயோடு வாழும் ஒரு சிறுமி, பதிவான பத்திரப்படி பிறை வீட்டின் மகள்.

தமிழ்நாட்டில் இரண்டு வழக்கறிஞர்களிடம் கேட்டார்கள். பத்திரம் செல்லும், அதனால் ரத்தாகாது என்றார் ஒருவர். வெளிநாட்டுக்குக் கொண்டுபோகும் நோக்கத்தில் எழுதியதால் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்றார் மற்றவர். பத்திரம் செல்லாது என்று அறிவிக்கக் கோரிப் போட்ட உரிமையியல் வழக்கு இதை எழுதும்போதும் நடந்துகொண்டிருக்கிறது. நால்வரும் ஒரே பக்கம் நின்று போடும் வழக்கு. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அத்தான் பணம் அனுப்புகிறார்.

ஒரே ஒரு நல்ல காரியம், பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயரை மாற்ற யாரும் விண்ணப்பித்திருக்கவில்லை. திருச்சியில் இருந்தபோது அக்காவுக்கு அந்த யோசனை வந்திருக்கிறது, நேரமில்லாமல் விட்டுவிட்டார். அதனால் பள்ளியில் சேர்த்தபோது பிரச்சினை வரவில்லை.

பிறையில் ஒரு தொட்டில்

2021 மார்ச்சில், பினாங்கிலேயே, திருமணமாகாத ஒரு பெண்ணுக்குப் பிறந்த ஆண் குழந்தை இவர்களிடம் வந்தது. இந்தப் பகுதியைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் சரியாக நடந்த காரியத்தில் சொல்ல அதிகம் இருப்பதில்லை. பெற்றவர் மலேசியக் குடிமகள், பிள்ளை இங்கேயே பிறந்தவன், ஆகவே குடியுரிமைக் கேள்வி எழவில்லை. மேசையில் நாங்கள் முதலில் பார்த்தது அதைத்தான்.

முஸ்லிம் அல்லாதவர்களுக்கு இங்கே இரண்டு வழி. 1952ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டப்படி நீதிமன்றம் போவது ஒன்று: பிள்ளை தொடர்ந்து 3 மாதமாவது உங்கள் கவனிப்பில் இருந்திருக்க வேண்டும், நீதிமன்றம் நியமிக்கும் பாதுகாவலர், பெரும்பாலும் சமூக நல இலாகா அதிகாரி, வீட்டுக்கு வந்து பார்த்து அறிக்கை கொடுப்பார், உத்தரவுக்குப் பிறகு வளர்ப்புப் பெற்றோர் பெயரில் புதுப் பிறப்புச் சான்றிதழ் கிடைக்கும். மற்றது, அதே ஆண்டின் தத்துப் பதிவுச் சட்டப்படி தேசியப் பதிவு இலாகாவில் பதிவது: 2 வருடமாவது வளர்த்திருக்க வேண்டும், ஆனால் பிள்ளைக்கு வாரிசுரிமை வந்துவிடாது. இவர்கள் நீதிமன்ற வழியில் போனார்கள்.

இடையில் ஒரு தயக்கம் வந்தது. இதற்கு முன் பிள்ளை தத்தெடுத்ததுண்டா என்ற கேள்விக்கு என்ன பதில் சொல்வது? புதுக்கோட்டைப் பத்திரத்தைச் சொன்னால் காரியம் கெட்டுவிடுமோ என்று அத்தான் பயந்தார். சொல்லிவிடுங்கள் என்று நாங்கள் வற்புறுத்தினோம். அக்கா எல்லாவற்றையும், திண்ணையில் பார்த்ததைக்கூட, அந்த அதிகாரியிடம் சொன்னார். அதிகாரி தடுப்பூசி அட்டையைப் பார்க்கக் கேட்டார், பிறகு குறித்துக்கொண்டார். 2022இல் உத்தரவு கிடைத்தது.

மனு போடும் முன் ஒரு காரியத்தை அக்காவே கேட்டுச் செய்தார். பிள்ளைக்கு இரண்டு மாதம் ஆனதும் பெற்ற தாயைப் போய்ப் பார்க்கச் சொன்னார். "அவங்க தனியா இருக்கறப்பக் கேளுங்க டீச்சர். நான் வரல, நான் இருந்தா வேற மாதிரி பேசுவாங்க." நானும் இன்னொருவரும் போய் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அந்தப் பெண் அழுதார், ஆனால் முடிவு மாறவில்லை. பிள்ளைக்கு ஒரு படம் மட்டும் கொடுத்தனுப்பினார். அது பிறை வீட்டில் ஆல்பத்தின் முதல் பக்கத்தில் இருக்கிறது.

2025 பொங்கலுக்கு மூவரும் புதுக்கோட்டை போனார்கள். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் வாங்கிய பாவாடைத் துணியும், மைலோ பொட்டலமும். அந்தப் பெண்ணுக்கு ஏழு வயது நிறையப் போகிறது. நடந்ததைப் பெற்றவர்களே அவளுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். பத்திரம் எழுதியதெல்லாம் அவளுக்கு இன்னும் புரியாது. சின்னதில் பெரியம்மாவோடு இருந்தாள் என்பது மட்டும் தெரியும். பாவாடைக்கு அளவெடுக்க நிற்க வைத்தபோது கேட்டிருக்கிறாள்:

"நான் கைப்பிள்ளையா இருந்தப்ப ஒங்ககூட இருந்தேனாமே பெரியம்மா. எத்தனை நாள்?"

"51 நாள்" என்றாராம் அக்கா, அளவு நாடாவைக் கையில் பிடித்தபடியே.